கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? நீண்டகாலத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிகள், ஓர் ஒப்பீடு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையை 1897-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். மிஞ்சின் என்ற பொறியாளர் முன்நின்று கட்டியது. கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக ஜூன் மாதம் அணை திறந்தார்கள் என்று செய்தி வந்ததும், எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஒரே கேள்விதான்: "நமக்கு எப்போ வரும்?" எங்கள் வயல் கடைமடையில். அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். கிளைக்கால்வாயைத் தூர் வாரினார்களா, எந்த மடையில் அடைப்பு, மேலே யார் எவ்வளவு திருப்பிக்கொள்கிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார். அணை நிரம்பியிருந்த வருடத்திலும் எங்கள் நாற்று காய்ந்ததுண்டு.

நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலில், 40 பேருக்கும் குறைவான ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில். டெலிவரி என் பொறுப்பு. எந்த வேலைக்கு யார், எந்தத் தேதிக்குள் என்பதை நான்தான் பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் நிர்வாகம் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு ஐந்தாண்டுத் திட்டம் எழுதியது. இப்போது வருமானத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு மணிக்கணக்கில் செய்து கொடுக்கும் வேலையிலிருந்து வருகிறது. ஐந்து வருடத்தில் பாதியாவது நம் சொந்தத் தயாரிப்பிலிருந்து வர வேண்டும். தயாரிப்பு எது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது: முந்திரி ஆலைகளுக்கான எடை, கூலிக் கணக்கு மென்பொருள். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் அண்டி ஆபீஸை, அதாவது முந்திரி ஆலையைப் பார்க்காமல் திரும்பி வர முடியாது. அங்கே தோல் உரிக்கும் பெண்களுக்குக் கூலி எடைக்கணக்கில்தான். நோட்டில் எழுதிக் கூட்டும்போது ஒரு இலக்கம் மாறினால் அது ஒருவருடைய அன்றைய கூலியில் போய் விழும். அதை இல்லாமல் ஆக்கும் ஒரு பொருளை நம் ஊரில் இருந்தே செய்ய வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

முதல் வருடம் முடிந்ததும் நான் டைம்ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். சொந்தத் தயாரிப்புக்கென்று இரண்டு டெவலப்பர்களை ஒதுக்கியிருந்தோம். பன்னிரண்டு மாதத்தில் அந்த இருவரும் வாரம் முழுக்க அதே வேலையில் இருந்த வாரங்களை எண்ணினேன். ஒன்பது. மற்ற வாரங்களில் எல்லாம் யாராவது ஒரு கிளையன்டுக்காக, "ரெண்டே நாள்தான்" என்று சொல்லி இழுக்கப்பட்டிருந்தார்கள். இழுத்தது பெரும்பாலும் நான்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நியாயமான காரணம் இருந்தது.

அதனால்தான் இந்த ஒப்பீடு. வரும் ஏப்ரலிலிருந்து எந்த முறையில் போவது என்று எங்கள் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். அதற்காக நான் படித்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் இதே நிலையில் இன்னும் பல சிறு நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களுக்கும் உதவட்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது

இந்த முறைகளைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் குறிக்கோள், ஒத்திசைவு, வெளிப்படைத்தன்மை என்றுதான் பேசுகின்றன. எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பதரை. மாதாமாதம் நம் சம்பளத்துக்குப் பெரும்பங்கு தரும் கிளையன்ட் அழைக்கிறார். திங்கட்கிழமைக்குள் ஒரு வேலை முடிய வேண்டும், அதைத் தெரிந்த ஆள் சொந்தத் தயாரிப்பில் இருக்கிறார். அந்த நிமிடத்தில் அந்த ஆளை எடுக்கலாமா கூடாதா என்று நான் தேர்ந்தெடுத்த முறை எனக்கு ஏதாவது சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் அந்த முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்கு உதவாது.

ஏன் இந்தச் சோதனை என்பதற்கு இன்டெல் கதை நல்ல சான்று. இன்டெல் ஆரம்பத்தில் மெமரி சிப் நிறுவனம். ஜப்பானியப் போட்டியில் அந்த வியாபாரம் நஷ்டத்தில் போக, 1985-இல் அதை நடத்திவந்த ஆண்டி குரோவும் கார்டன் மூரும் மெமரியை விட்டுவிட்டு மைக்ரோபிராசசருக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். இந்த முடிவைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர்கள் முடிவெடுக்கும் முன்பே இன்டெல் தொழிற்சாலைகளில் ஒரு விதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேஃபருக்கு, அதாவது சிப்கள் உருவாகும் ஒரு சிலிக்கான் தகட்டுக்கு, எந்தப் பொருள் அதிக லாபம் தருமோ அதற்கே உற்பத்தித் திறனை ஒதுக்க வேண்டும் என்ற விதி. மெமரியின் லாபம் குறையக் குறைய, யாரும் உத்தரவு போடாமலே தொழிற்சாலை மைக்ரோபிராசசர் பக்கம் நகர்ந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் "நாம் மெமரி நிறுவனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கீழே அது வேறு நிறுவனம் ஆகிக்கொண்டிருந்தது.

எங்கள் அலுவலகத்திலும் எழுதப்படாத விதி ஒன்று ஓடுகிறது: யார் இன்று சத்தமாகக் கேட்கிறாரோ அவருக்கே ஆள். இன்டெல்லுக்கு அவர்கள் விதி நல்லது செய்தது. எங்கள் விதி எங்கள் திட்டத்தைத் தின்றுவிட்டது. ஆகவே எந்த முறை இந்த விதியை மாற்றும் என்பதுதான் என் கேள்வி.

ஓகேஆர்: ஒரு வருடம் செய்து பார்த்தது

இரண்டாவது வருடம் நாங்கள் எடுத்தது ஓகேஆர் (Objectives and Key Results, குறிக்கோளும் முக்கிய முடிவுகளும்) முறை. இன்டெல்லில் குரோவ் வளர்த்தெடுத்தது. அங்கே வேலை பார்த்த ஜான் டோர் 1999-இல் அதை கூகுளுக்குக் கொண்டுபோனார், அப்போது கூகுள் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு குறிக்கோள், அதன் கீழ் அளக்கக்கூடிய மூன்று நான்கு முடிவுகள். காலாண்டுக்கு ஒருமுறை மதிப்பெண். கூகுளில் பத்துக்கு ஆறு ஏழு வாங்கினாலே நல்லது என்பார்கள், பத்தும் வாங்கினால் இலக்கைச் சின்னதாக வைத்துவிட்டாய் என்று அர்த்தம்.

எங்கள் முதல் காலாண்டு இலக்கு: ஐந்து ஆலைகளில் மென்பொருளை நிறுவுவது. நிறுவினோம். ஐந்துக்கு ஐந்து. எல்லாரும் கை தட்டினோம். அடுத்த காலாண்டில் போய்ப் பார்த்தபோது இரண்டு ஆலைகளில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றில் டேப்லெட் பீரோவுக்குள் இருந்தது. ஓர் அளவுகோலை இலக்காக வைத்துவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பது நின்றுவிடும் என்ற கருத்தை, 1975-இல் அதைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் பொருளாதார நிபுணரின் பெயரால் குட்ஹார்ட் விதி என்பார்கள். எங்களுக்கு அது மூன்று பீரோவில் தெரிந்தது.

இலக்கை "வாரம் ஐந்து நாள் பயன்படுத்தும் ஆலைகள்" என்று மாற்றியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று சொல்லலாம். மாற்றினோம், கொஞ்சம் தீர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைச் சோதனையில் ஓகேஆர் ஒன்றுமே சொல்லவில்லை. இலக்கு இருந்தது, ஆள் இல்லை. கிளையன்ட் கூப்பிட்டால் ஆளை எடுத்தோம். காலாண்டுக் கடைசியில் பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டு, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று எழுதினோம். மூன்று மாதம் என்பதும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஆலைக்காரர் ஒரு புது முறைக்குப் பழகவே இரண்டு மாதம் எடுக்கிறார். பழகி முடிக்கும்போது நாங்கள் அடுத்த இலக்குக்கு ஓடியிருப்போம்.

ஓகேஆர் தப்பான முறை என்று நான் சொல்லவரவில்லை. இருநூறு முந்நூறு பேர், பத்துப் பதினைந்து டீம்கள், எல்லாரும் சொந்தத் தயாரிப்பிலேயே இருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்றால் அது நல்ல மருந்து. எங்கள் நோய் அது இல்லை. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். செய்ய நேரம் இல்லை.

ஹோஷின்: மேலும் கீழும் போய்வரும் பேச்சு

ஹோஷின் கன்ரி என்பது ஜப்பானிய உற்பத்தி நிறுவனங்களில் 1960-களில் உருவான முறை. அதை ஒழுங்குபடுத்தியதில் டயர் நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர் மாவட்டத்துக்காரனான எனக்கு அதைப் படித்தபோது ஒரு சந்தோஷம். தொழில்நுட்ப உலகத்தில் ஹியூலெட் பேக்கார்டு இதை எடுத்துக்கொண்டது, அதன் ஜப்பானியக் கூட்டு நிறுவனம் 1982-இல் தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசு வாங்கிய பிறகு.

முறை எளிது. வருடத்துக்கு ஒன்றிரண்டு பெரிய நோக்கங்கள் மட்டும். அதற்கு மேல் கூடாது. நிர்வாகம் நோக்கத்தைச் சொல்லும். அடுத்த நிலையில் இருப்பவர்கள், "இதைச் செய்ய எங்களுக்கு இது வேண்டும், இது முடியாது" என்று திருப்பி அனுப்புவார்கள். நிர்வாகம் திருத்தி மறுபடி கீழே அனுப்பும். பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதுபோல இது போய்ப்போய் வரும். அதனால் இதற்கு கேட்ச்பால் என்றே பெயர். கடைசியில் இருக்கும் ஆள் "சரி, இது முடியும்" என்று சொன்ன பிறகுதான் திட்டம் உறுதியாகும்.

இதை நாங்கள் முறையாகச் செய்யவில்லை, ஆனால் ஒரு சின்ன அளவில் நடந்தது. அதைச் சொல்ல வேண்டும். டேப்லெட் ஏன் பீரோவுக்குள் போனது என்று பார்க்க நானும் ஒரு இளம் டெவலப்பரும் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு ஆலைக்குச் சாயங்காலம் போனோம். வேலை முடியும் நேரம். தோல் உரித்த பருப்பை எடை போடப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முழுப்பருப்பு தனி, உடைந்தது தனி. எங்கள் மென்பொருளில் ஒவ்வொருவரின் பெயரையும் திரையில் தேடித் தட்டி, எடையைப் பார்த்து அடித்து, சேமிக்க வேண்டும். எடை போடும் சூப்பர்வைசர் அக்காவின் விரல் முழுக்கத் தோல் தூசி. திரை தொட்டால் கேட்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். மூன்றாவது ஆளிலேயே விட்டுவிட்டு நோட்டை எடுத்தார்.

"மக்களே, அஞ்சு பத்துக்கு பஸ்ஸு. இத்தனை பேருக்கும் இதைத் தட்டிட்டு இருந்தா யாரு பஸ் பிடிப்பா? நோட்டுன்னா ஒரு வரி, முடிஞ்சு."

டெவலப்பர் தம்பி அங்கேயே நின்று ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்தான். நோட்டில் ஏழெட்டு நொடி. எங்கள் திரையில் முக்கால் நிமிடத்துக்குப் பக்கம். அதற்குப் பிறகு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தராசிலிருந்து எடையை நேராக எடுத்துக்கொள்ளவும், ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து அதைக் காட்டினால் பெயர் வரவும் மாற்றினோம். பீரோவில் இருந்த மூன்றில் இரண்டு வெளியே வந்தன. ஓகேஆர் மதிப்பெண் அட்டையில் இந்தச் செய்தி ஏறி வந்திருக்காது. கடைமடையில் நிற்கிறவர் சொல்லி, அது மேலே போய்த் திட்டத்தையே மாற்ற ஒரு வழி வேண்டும். ஹோஷினில் அந்த வழி முறையின் நடுவிலேயே இருக்கிறது. அதனால்தான் அதன் மேல் எனக்கு நம்பிக்கை.

குறையும் உண்டு. நேரம் எடுக்கும். பேசிப்பேசி ஒரு மாதம் போய்விடலாம். மரியாதை காரணமாக இளையவர்கள் வாய் திறக்காத இடத்தில் பந்து கீழே போகும், திரும்பி வராது. நம் ஊர் அலுவலகங்களில் இது உண்மையான சிக்கல். எம்டி இருக்கும் அறையில், "முடியாது சார்" என்று சொல்ல இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு எளிதாக வராது. எழுதி வாங்க வேண்டும், அல்லது எம்டி இல்லாத அறையில் பேச வேண்டும். வெள்ளிக்கிழமைச் சோதனையில் ஹோஷினுக்குப் பாதி மதிப்பெண். எது முக்கியம் என்று சொல்லிவிடுகிறது. ஆளைத் தொடாதே என்று சொல்வதில்லை.

தனி டீம்: காப்பாற்றவும் செய்யும், அனாதையாக்கவும் செய்யும்

ஆளைத் தொடாதே என்று வெளிப்படையாகச் சொல்வது தனி டீம் முறைதான். நீண்டகால வேலைக்கு என்று சிலரைப் பிரித்து, தினசரி வியாபாரத்திலிருந்து தள்ளி உட்கார வைப்பது.

இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. இரண்டும் எதிரெதிர் பாடம் சொல்கின்றன. ஐபிஎம் தன் தலைமையகத்திலிருந்து வெகு தூரத்தில், ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில், சிறு குழு ஒன்றை வைத்து ஒரு வருடத்தில் பெர்சனல் கம்ப்யூட்டரைச் செய்து 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. ஜெராக்ஸ் 1970-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1973-இலேயே மவுஸும் திரையில் ஜன்னல்களும் கொண்ட ஆல்டோ கம்ப்யூட்டர் அங்கே ஓடியது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் அங்கே பிறந்தது. இவற்றால் பெரிதாகப் பிழைத்தது மற்ற நிறுவனங்கள். ஆனால் அதே கூடத்தில் வளர்ந்த லேசர் பிரின்டர் 1977-இல் ஜெராக்ஸின் சொந்தப் பொருளாக வெளிவந்து நல்ல பணம் கொடுத்தது. காரணம் எனக்குப் புரிந்த அளவில் இதுதான்: லேசர் பிரின்டர் காப்பியர் வியாபாரத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை. விற்கிறவர்களுக்கும் சர்வீஸ் செய்கிறவர்களுக்கும் அது என்னவென்று தெரிந்தது. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. தனி டீம் ஜெயிப்பதும் தோற்பதும் அது செய்ததை வாங்கிக்கொள்ள மற்ற வீட்டார் தயாராக இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

எங்களைப் போன்ற இடத்தில் தனி டீமுக்கு இன்னும் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மற்றவர்களின் மனக்குறை. "நாங்கள் ராத்திரி கால் எடுத்துச் சம்பாதிக்கிறோம், அவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள்" என்ற பேச்சு முதல் மாதத்திலேயே வந்துவிடும். அது தப்பான பேச்சும் இல்லை. இன்னொன்று திருவனந்தபுரம். அங்கே டெக்னோபார்க் என்ற ஐடி வளாகம் 1990-லிருந்து இருக்கிறது, அந்த நகரம் நாகர்கோவிலிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர்தான். காலையில் ரயிலேறிப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மூன்று பேர் மட்டும் அறிந்த ஒரு பொருளில் ஒருவர் அங்கே வேலை கிடைத்துப் போனால், மூன்றில் ஒரு பங்கு அறிவு ரயிலேறிப் போகிறது. போவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. டீமை அமைக்கும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவை

ஆறு வாரச் சுற்று என்று ஒன்று இருக்கிறது. பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளைச் செய்யும் நிறுவனத்தின் பழக்கம். ஆறு வாரம் ஒரு வேலை, அப்புறம் இரண்டு வாரம் ஓய்வாகச் சில்லறை வேலை. ஆறு வாரத்தில் முடியவில்லை என்றால் தானாக நீட்டிப்பு கிடையாது. நிறுத்திவிட்டு, அது இன்னும் செய்யத்தக்கதா என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். இந்த ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன். எங்களிடம் ரிப்போர்ட் பகுதி ஒன்று ஏழு மாதமாக "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்ற நிலையிலேயே இருந்தது. ஆனால் இது முழுக்கச் சொந்தத் தயாரிப்பு வைத்திருப்பவர்களுக்கான முறை. எங்கள் நாட்காட்டியின் பெரும்பகுதி கிளையன்ட் கையில் இருக்கும்போது எல்லாரையும் ஆறு வாரத்துக்குள் அடைக்க முடியாது. அதோடு, ஆறு ஆறு வாரமாகப் பார்க்கும்போது ஐந்து வருடம் கண்ணில் படாது.

வேலை நேரத்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்கு விடுவது பழைய முறை. 3எம் நிறுவனத்தில் 15 சதவீதம், கூகுளில் 20. ஆராய்ச்சிக்கு நல்லது. எங்களுக்கு அது சனிக்கிழமை வேலையாகத்தான் முடியும், பிள்ளைகளின் சனிக்கிழமையை எடுத்துக் கட்டுகிற திட்டம் எனக்கு வேண்டாம். 1992-இல் கப்லானும் நார்டனும் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டையையும் பார்த்தோம்: பணம், வாடிக்கையாளர், உள் வேலைமுறை, கற்றல் என்று நான்கு பக்கமும் அளப்பது. நாற்பது பேருக்கு அந்த அட்டையை நிரப்பவே ஒரு ஆள் வேண்டும்.

பணம் எங்கிருந்து

எந்த முறையை எடுத்தாலும் கிளையன்ட் வேலையில் இருந்துதான் இதற்குச் சம்பளம் வர வேண்டும். இதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக எங்கள் அலுவலகத்தில் சிலர் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரப்பர் வைத்தால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டாமா? முதல் மூன்று வருடம் இடையில் வாழையும் அன்னாசியும் போடுவார்கள். வாழை விற்ற காசில் ரப்பருக்கு உரம் போகும். ஆனால் வாழை எந்த வரிசையில், ரப்பர் கன்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை நடுகிற அன்றே கயிறு பிடித்து முடிவு செய்துவிடுவார்கள். ஏத்தன் வாழைக்கு நல்ல விலை வருகிறது என்பதற்காக அந்த வருடம் கன்றைப் பிடுங்கிவிட்டு இன்னும் நாலு வாழை வைக்கிறவரை நான் பார்த்ததில்லை.

ஜோஹோவின் கதையும் ஒரு வகையில் இதுதான். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்ற நிறுவனம் அது. அந்த வருமானத்தில் இணையவழி அலுவலக மென்பொருள்களைக் கட்டி, 2009-இல் தன் பெயரையே ஜோஹோ என்று மாற்றிக்கொண்டது. 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கியது. அவர்கள் அளவு வேறு, எங்கள் அளவு வேறு. ஆனாலும் நம் தென்பக்கத்திலேயே இதைப் பார்த்த பிறகு, பத்து வருடம் தாண்டி யோசிப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் மட்டும் சொந்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். கையில் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கூடப் பணம் இல்லாத நிறுவனம் இந்த முறைகளில் எதையும் தொட வேண்டாம். முதலில் அந்த மூன்று மாதத்தைச் சேர்க்கட்டும். அதுதான் அவர்களுக்கு இப்போதைய நீண்டகாலத் திட்டம்.

நான் எதைப் பரிந்துரைக்கிறேன்

தனி டீம், ஹோஷின் பேச்சோடு. ஓகேஆர் வேண்டாம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு.

நான்கு பேர். மூன்று பேர் என்று நிர்வாகம் கேட்கிறது, நான் நான்கில் நிற்கிறேன், ஒருவர் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக. அரை வருடத்துக்கு அவர்கள் பெயர் கிளையன்ட் பட்டியலிலேயே இருக்காது. அரை வருடம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். எங்கள் ஊரின் இரண்டு நெல் போகங்களான கன்னிப்பூவும் கும்பப்பூவும் மாதிரி. ஓர் ஆலை பழகுவதற்கும், பழகியது நிலைக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஆறு மாதம் போதும், மூன்று மாதம் போதாது. ஒவ்வொரு பூவுக்கும் ஒருவர் மாறுவார். வெளியே வருகிறவர் கிளையன்ட் வேலைக்குத் திரும்புவார், அங்கிருந்து ஒருவர் உள்ளே போவார். இரண்டு வருடத்தில் நான்கு பேர் இப்படிப் போய்வந்திருப்பார்கள். "அவர்கள் டீம்" என்ற பேச்சு குறையும், செய்ததை வாங்கிக்கொள்ள ஆளும் இருக்கும். ஜெராக்ஸ் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.

பூ தொடங்கும் முன் பத்து நாள் கேட்ச்பால். நோக்கம் இரண்டுக்கு மேல் கூடாது. பத்து நாளுக்கு மேலும் இழுக்கக் கூடாது. முதல் சுற்றில் எம்டியும் நானும் அறையில் இருக்க மாட்டோம். ஆலையிலிருந்து ஒருவராவது பேச்சில் இருக்க வேண்டும், அதாவது எடை போடுகிறவர். முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் போதாது.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கான விதி: நான்கு பேரில் ஒருவரை இடையில் எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எம்டி மட்டும் எடுக்கலாம். எடுத்தால், எந்த நோக்கம் எத்தனை வாரம் தள்ளிப்போகிறது என்று அவர் கையாலேயே எழுதி எல்லாரும் பார்க்கும் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த அதிகாரத்தை என்னிடமிருந்து எடுக்கச் சொல்லி நான்தான் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது வாரத்தை எண்ணிய பிறகு எனக்கு என் மேல் அந்த அளவு நம்பிக்கை இல்லை. மடையைத் திறக்கிற சாவி, தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிற ஆளிடம் இருக்கக் கூடாது.

இதற்கு விலை உண்டு. நான்கு பேரை எடுத்தால் இப்போது கையில் இருக்கும் இரண்டு சிறு கிளையன்ட்களைப் புதுப்பிக்க முடியாது. அவர்களுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லி, வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். அவர்களில் ஒருவர் எங்களோடு ஆறு வருடமாக இருக்கிறார், நல்ல மனிதர். அந்தக் கடிதத்தை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கப்போகிறது. ஆனால் எதையும் விடாமல் இந்தத் திட்டத்தைச் செய்ய முடியும் என்று சொல்லித்தான் முதல் வருடத்தைத் தொலைத்தோம்.

நிர்வாகம் இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. நான்கு பேரா மூன்று பேரா என்பதில்தான் பேச்சு நிற்கிறது. அதற்குள் கன்னிப்பூவுக்கான இரண்டு நோக்கங்களின் முதல் வரைவை எழுதிவிட்டோம். வரும் புதன்கிழமை சாயங்காலம் நானும் அந்தத் தம்பியும் கருங்கல் ஆலைக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறோம். நான்கு மணிக்கே போய்விட வேண்டும் என்று முடிவு. அந்த அக்காவுக்கு அஞ்சு பத்துக்கு பஸ்.